வலையை அவிழ்க்காமல் போனவர்கள்

எங்கள் ஊர் வாலிபால் திடல் பாழாய்ப் போனதற்கு டீக்கடையில் நாங்கள் சொல்லிவரும் காரணங்கள் நாலைந்து உண்டு. ஊராட்சி கண்டுகொள்ளவில்லை. பசங்கள் செல்போனை விட்டு எழுந்திருப்பதில்லை. கிரிக்கெட் வந்து மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. கஜா புயல் அடித்தது. ஆடத் தெரிந்தவன் எல்லாம் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போய்விட்டான். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இருப்பதால்தான் இத்தனை வருஷம் அவை செல்லுபடியாயின. ஆனால் இந்தப் பட்டியலில் எங்குமே நாங்கள் இல்லை. அந்தத் திடலில் ஆடி, கோப்பை தூக்கி, பெண் பார்க்கப் போன வீட்டில்கூட அதைச் சொல்லிப் பெருமை அடித்துக்கொண்ட நாங்கள். இப்போது நாற்பதைத் தாண்டி, சிலர் ஐம்பதையும் தாண்டி, முட்டி வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும் நாங்கள். இனி இந்தக் கட்டுரையில் ‘நாங்கள்’ என்று வருகிற இடமெல்லாம் அந்தக் கூட்டத்தைத்தான் குறிக்கும்.

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் வந்தால் வரும் என்கிற கடைமடைப் பக்கம் எங்கள் ஊர். செம்மண் பூமி. 1986-இல் சியோல் ஆசிய விளையாட்டில் இந்திய ஆண்கள் அணி வெண்கலம் வாங்கியதே, அந்தச் சூட்டில் எங்களுக்கு மூத்தவர்கள் போட்ட களம் இது. அந்த அணியில் ஆடிய ஜிம்மி ஜார்ஜ் படத்தைப் பேப்பரில் வெட்டி மன்றத்துச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். அடுத்த வருஷமே அவர் இத்தாலியில் கார் விபத்தில் இறந்தபோது ஊரில் இரங்கல் கூட்டம் நடந்ததாகச் சொல்வார்கள். கேரளத்துக்காரர் ஒருவருக்காகத் தஞ்சாவூர் ஜில்லாக் கிராமத்தில் கூட்டம் போட்டவர்களிடம் காசு கிடையாது, ஆனால் விஷயம் தெரிந்திருந்தது.

எப்படித் தெரிந்திருந்தது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாங்கள் தொலைத்தது அதைத்தான். களம் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். சுற்றிலும் மூன்று மீட்டர் விட்டால் 24-க்கு 15. அந்த இடம் முழுவதையும் தோண்டி, அடியில் செங்கல் ஜல்லியைக் கொட்டி, அதன்மேல் சலித்த செம்மண்ணையும் ஏரிக் களிமண்ணையும் கலந்து பரப்பினார்கள். வெறும் செம்மண் காய்ந்தால் புழுதியாகும். களிமண் கூடினால் மழைக்கு வழுக்கும், வெயிலுக்கு வெடிக்கும். கலவை சரியா என்று பார்க்க அவர்களிடம் ஆய்வுக்கூடம் இல்லை. ஈரமண்ணைக் கையில் பிடித்து உருட்டினால் உருண்டை நிற்க வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. அந்தப் பதத்தில்தான் ரோலர் ஏற்ற வேண்டும். ஈரம் அதிகமிருந்தால் ரோலரோடு மண் பெயர்ந்து வரும், குறைந்தால் ரோலர் சும்மா உருண்டுகொண்டு போகும்.

நடுவிலிருந்து இரண்டு பக்க ஓரத்துக்கும் நாலு விரல் சரிவு. கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். ஐப்பசி மழை விட்டால் கொஞ்ச நேரத்தில் ஆடலாம். சுற்றிலும் ஒரு முழம் அகலத்தில் வடிகால் வெட்டி அதைக் குளத்துக்கு இழுத்துவிட்டிருந்தார்கள். களத்தைத் தெற்கு வடக்காகப் போட்டிருந்தார்கள், சாயங்கால வெயில் எந்த அணியின் கண்ணிலும் நேராக அடிக்காமல் இருக்க. மூலை சரியாக இருக்கிறதா என்பதற்கு எதிர்மூலைக்கு எதிர்மூலை கயிறு பிடிப்பார்கள். இரண்டு பக்கமும் 20 மீட்டர் 12 சென்டிமீட்டர் வந்தால் களம் சதுரம் தப்பவில்லை என்று அர்த்தம். எங்களில் ஒருவன் இன்று திருப்பூரில் கட்டட இன்ஜினியர். அந்தக் கணக்கைக் கல்லூரிக்குப் போகும் முன்பே கயிற்றில் பார்த்தவன். களத்தைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசாதவர்களில் அவனும் ஒருவன்.

மண் களத்தின் குணம் இதுதான்: அன்றாடம் தொட்டால்தான் அது களமாக இருக்கும், விட்டால் தரிசாகிவிடும். ஸ்மாஷ் அடிப்பவன் எகிறிக் குதிக்கும் இடம் வலைக்கு அருகில் எப்போதும் ஒன்றேதான். சர்வீஸ் போடுபவன் காலை ஊன்றும் இடமும் அப்படியே. பத்து நாள் ஆடினால் அங்கெல்லாம் குழி விழும். ஆட்டம் முடிந்ததும் அந்தக் குழிகளில் மட்டும் இரண்டு சட்டி மண் போட்டு, கைத்தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையால் நாலு குத்துக் குத்தினால் போதும். பிறகு வலையை அவிழ்த்து, மேல்கம்பியைத் தளர்த்தி, சுருட்டி எடுத்துப் போக வேண்டும். காலையில் முதலில் வருகிறவன் தண்ணீர் தெளிக்க வேண்டும், புழுதி அடங்க. வாரம் ஒரு முறை சாணி கரைத்துத் தெளிக்க வேண்டும். மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் ஒரு நாளைக்குக் கால்மணி நேர வேலை, அதுவும் நாலு பேர் சேர்ந்து.

அந்தக் கால்மணி நேரத்தை எங்கள் பி.டி. சார்தான் செய்துகொண்டிருந்தார். பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியில் வேலை, குடியிருந்தது எங்கள் ஊரில். சாயங்காலம் சைக்கிளைச் சாத்திவிட்டு நேரே களத்துக்கு வருவார். ஆட்டம் முடிந்து நாங்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, யார் பாயிண்டைக் கோட்டைவிட்டான் என்று சண்டை போட்டுக்கொண்டு கிளம்பும்போது அவர் குனிந்து குழி மூடிக்கொண்டிருப்பார். “டேய், வலையை அவிழ்த்துட்டுப் போங்கடா” என்பார். யாராவது ஒருவன் அவிழ்ப்பான். பெரும்பாலும் சின்னப் பையன், அதாவது ஆட்டத்தில் இடம் கிடைக்காதவன். களத்தில் இடம் பிடித்ததும் அவனும் அவிழ்க்க மாட்டான். வலை அவிழ்ப்பது கீழ்வேலை என்று நாங்களே ஒரு வரிசையை உண்டாக்கி வைத்திருந்தோம். ஊரில் ஏற்கெனவே இருக்கிற மேல் கீழ் போதாது என்று.

சார் ஓய்வு பெற்று மகனோடு சென்னைக்குப் போய்விட்டார். போகும்போது திமிசுக் கட்டையையும் அளவு நாடாவையும் எங்களிடம் கொடுத்தார். பொன்னாடை போர்த்தினோம், மேடையில் பேசினோம், சாப்பாடு போட்டோம். திமிசுக் கட்டை யார் வீட்டுக்குப் போனது என்று இன்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அதன் பிறகு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தது. வலை மழையிலும் வெயிலிலும் கம்பத்திலேயே கிடந்தது. நைலான் நூல் வெயிலில் வெளுத்து, தொட்டால் பொடியாகும் நிலைக்கு வந்தது. கம்பம் மண்ணைத் தொடும் இடத்தில்தான் துரு முதலில் பிடிக்கும். அந்த இடத்தில் சிமென்ட் திண்டு கட்டி வருஷத்துக்கு ஒரு முறை பெயின்ட் அடித்தால் கம்பம் தலைமுறைக்கு வரும். அடிக்கவில்லை. ஒரு நாள் மேல்கம்பியை இழுத்துக் கட்டும்போது கம்பம் அடியில் ஒடிந்து சாய்ந்தது. யார் மேலும் விழவில்லை, தெய்வாதீனம். கோடு போட சார் கோலமாவைத்தான் பயன்படுத்துவார், சுண்ணாம்பைக் கிட்டவே விட மாட்டார். நாங்கள் யாரோ வீட்டுக்கு வெள்ளை அடித்து மிஞ்சிய சுண்ணாம்பு மூட்டையைக் கொண்டுவந்து கோடு போட்டோம், ஓசிதானே என்று. பந்தை எடுக்கப் பாய்ந்த பையன் ஒருவன் கண்ணில் சுண்ணாம்பு போய், பைக்கில் வைத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கண் பிழைத்தது. அதற்குப் பிறகு கோலமாவுக்குத் திரும்பினோமா? இல்லை, கோடு போடுவதையே நிறுத்தினோம். காலால் கீறிக்கொண்டு ஆடினோம்.

புல்லைப் பற்றிச் சொன்னால் சிரிப்பீர்கள். விவசாயம் பார்க்கும் ஊர் இது. கோரையைக் கையால் பிடுங்கினால் கிழங்கு உள்ளே நிற்கும், ஒன்று பத்தாகும் என்று எங்கள் வீட்டில் பல் முளைக்காத குழந்தைக்கும் தெரியும். சொந்த வயலில் கிழங்கோடு தோண்டுகிறவர்கள் களத்தில் மட்டும், போட்டிக்கு முதல் நாள், மேலாகச் செதுக்கினோம். நெருஞ்சி காலில் குத்தியபோது நெருஞ்சியை எடுக்கவில்லை, ஷூ வாங்கினோம். ஷூ வாங்க முடியாத பசங்கள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அவர்கள் வராததை நாங்கள் கவனிக்கவே இல்லை.

கஜாவுக்கு வருகிறேன். 2018 நவம்பர் 16 விடியற்காலை அந்தப் புயல் எங்கள் பக்கத்துத் தென்னையை அடியோடு சாய்த்தது. இருபது முப்பது வருஷ மரங்கள். அந்த நாளைப் பற்றிக் கேலியாகப் பேச எனக்கு மனம் வராது. தோப்பைத் துப்புரவு செய்யாமல் அடுத்த கன்று வைக்க முடியாது, விழுந்த மரத்தை வாங்க ஆள் இல்லை, எங்கே போடுவது? களத்தில் போட்டோம். முதல் டிராக்டர் யாருடையது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வோம். எங்கள் எல்லார் வீட்டு மரமும் அங்கே கிடந்தது என்பதுதான் உண்மை. அவசரத்துக்குப் போட்டது குற்றமில்லை. அடுத்த வருஷமும், அதற்கடுத்த வருஷமும் அங்கேயே கிடந்தது குற்றம். காண்டாமிருக வண்டு மட்கிய தென்னை மரத்தில் முட்டையிட்டுப் பெருகும். நாங்கள் பணம் போட்டு வைத்த புதுக் கன்றுகளின் குருத்தைத் துளைத்த வண்டு, நாங்கள் களத்தில் குவித்து வைத்த கட்டையிலிருந்து பறந்து வந்தது. களத்துக்குச் செய்த துரோகத்தில் எங்களுக்கே கையோடு கூலி கிடைத்தது இந்த ஒன்றில் மட்டும்தான். கட்டையை அப்புறப்படுத்தியதும் வாலிபாலுக்காக அல்ல, வண்டுக்காக.

புயலுக்கு முன்பே வந்தது கலையரங்கம். தொகுதி நிதியில் கட்டியது. தமிழ்நாட்டில் அது இல்லாத ஊர் அபூர்வம்: மூன்று பக்கச் சுவர், மேலே கான்கிரீட், நெற்றியில் பெயர். எங்கள் ஊரில் அதற்கு இடம் தேடியபோது, “வாலிபால் கிரவுண்டு ஓரமா போட்டுக்கலாம்ணே, மேட்ச் பார்க்கவும் வசதியா இருக்கும்” என்று சொன்னது நாங்கள்தான். மேற்கு வடிகால் மேலேயே அஸ்திவாரம் தோண்டினார்கள். தண்ணீர் எங்கே போகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் காண்ட்ராக்டர் ஒரு குழாயைப் பதித்திருப்பார், அவ்வளவுதான் செலவு. இப்போது கலையரங்கத்துக் கூரைத் தண்ணீர் முழுதும் களத்தில் இறங்கி, போக வழியில்லாமல் நிற்கிறது. கார்த்திகையில் அங்கே தவளை கத்தும்.

ஒடிந்த கம்பங்களுக்குப் பதிலாகப் புதுக் கம்பங்கள் வந்தபோது இன்னொரு கூத்து. நட வந்தவர்கள் ரோட்டிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும் என்று களத்தைக் கிழக்கு மேற்காகத் திருப்பிவிட்டார்கள். நாங்கள் பத்துப் பேர் கைகட்டி நின்று பார்த்தோம். “சார், வெயில் கண்ணில் அடிக்கும்” என்று சொல்ல ஒரு வாய் திறக்கவில்லை. இலவசமாக வருவதில் குறை சொல்லக் கூடாது என்கிற பண்பாடு. அன்று முதல் சாயங்கால ஆட்டத்தில் டாஸ் ஜெயித்தவன் வெயிலுக்கு முதுகு காட்டும் பக்கத்தை எடுத்துக்கொள்வான். எதிர்ப்பக்கம் நிற்பவன் நெற்றியில் கை வைத்துக்கொண்டுதான் பந்தைத் தேட வேண்டும்.

பெண்பிள்ளைகள் விஷயத்தை எழுதாமல் விட்டால் இது பொய்க் கணக்கு. எங்கள் ஊரில் பள்ளி அணிக்கு ஆடிய பிள்ளைகள் உண்டு, மாவட்டப் போட்டி வரை போனவர்கள் உண்டு. ஆண்களுக்கு வலை உயரம் 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24. கம்பத்தில் 2.43-க்கு மட்டும்தான் கொக்கி. கீழே இன்னொரு கொக்கி பற்ற வைக்க வெல்டிங் பட்டறையில் டீ குடிக்கும் நேரம் ஆகாது. அந்தப் பிள்ளைகள் கயிறு கட்டி வலையை இறக்குவார்கள். நடுவில் தொய்யும். ஐந்து மணிக்கு நாங்கள் வந்ததும், நாங்கள் ஒன்றும் சொல்லாமலேயே, கயிற்றை அவிழ்த்துவிட்டுப் போய்விடுவார்கள். நாங்கள் ஒன்றும் சொன்னதில்லை என்பதை நெடுநாள் நல்ல குணமாக நினைத்துக்கொண்டிருந்தோம். எங்கள் வீட்டுப் பெண்களுக்குக் கல்யாணமாகிப் போன ஊர்களில் அவர்கள் கையில் பந்து எடுத்திருப்பார்களா என்று கேட்டுப் பார்த்ததும் இல்லை.

காசு இல்லை என்று மட்டும் யாரும் சொல்லிவிட வேண்டாம். தை மாதம் மூன்று நாள் மாபெரும் மின்னொளிக் கைப்பந்தாட்டப் போட்டி ஒரு வருஷமும் நின்றதில்லை. கட்டை கிடந்த வருஷங்களையும் கொரோனா வருஷத்தையும் தவிர. முதல் பரிசை ஒருவர் தருவார், சுழற்கோப்பையை இன்னொருவர், வெளிநாட்டிலிருந்து இரண்டு பேர் தலா ஒரு பரிசு. மெயின் ரோட்டிலிருந்து களம் வரை ஃப்ளெக்ஸ். எங்கள் எல்லார் முகமும் அதில் இருக்கும், சிலர் செல்போன் பேசுகிற போஸில். சவுண்டு சர்வீஸ், சீரியல் செட், வாணவேடிக்கை, வருகிற ஒவ்வொரு பிரமுகருக்கும் ஆளுயர மாலை. களத்துக்கு? போட்டிக்கு முதல் நாள் ஒரு டிராக்டர் கிராவல். கிராவலைக் கொட்டிப் பரப்பினால் பார்க்கச் சிவப்பாக, போட்டோவில் எடுப்பாக இருக்கும். அடியில் பிடிப்பில்லாத உருட்டுக் கல் மண் அது. விழுந்தால் முட்டி உரிந்துவிடும். வெளியூர் அணிகள் எங்கள் ஊர்க் களத்தைப் பற்றி என்ன பேசிக்கொள்வார்கள் என்று தெரியும். பரிசுத் தொகைக்காக வந்தார்கள். போட்டி முடிந்த மறுநாள் பந்தக்கால் குழிகள் அப்படியே வாய் பிளந்து கிடக்கும், அடுத்த தை வரை. இது பிணத்துக்கு வருஷா வருஷம் நகை போட்டு ஊர்வலம் விட்டது போல.

இனி ஊராட்சி. கிராம சபை வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பொங்கல் போட்டி முடிந்த சூட்டோடு வருவது ஜனவரி 26. நாங்கள் போகிறோம், கையெழுத்துப் போடுகிறோம். தெருவிளக்கு கேட்டிருக்கிறோம், சுடுகாட்டுப் பாதை கேட்டிருக்கிறோம், அவை நியாயமான கேள்விகள். விளையாட்டுத் திடலை ஒரு முறை, ஒரே ஒரு முறை, தீர்மானமாக எழுதச் சொன்னதில்லை. நூறு நாள் வேலையில் விளையாட்டுத் திடல் அமைப்பதும் சட்டம் அனுமதித்த வேலையாகத்தான் இருந்தது. எங்கள் ஊரில் அதே வாய்க்கால் திரும்பத் திரும்பத் தூர்வாரப்பட்டபோது, அதில் நாலு நாளைக் களத்து வடிகாலுக்கு ஒதுக்குங்கள் என்று கேட்டிருக்கலாம். 2024-இல் ஊராட்சிகளுக்குக் கலைஞர் பெயரில் விளையாட்டு உபகரணங்கள் வந்தன. எங்கள் ஊருக்கும் வந்தன. வந்த அன்று போட்டோ எடுத்துக்கொண்டோம். பிறகு அவற்றை வைத்துப் பூட்டிய அறையின் சாவி யாரிடம் என்று கேட்டவர் எவருமில்லை. போன மாசம்தான் கேட்டோம். சாவி உடனே கிடைத்தது. கேட்டால் கொடுத்துவிடுவார்கள் என்று தெரிந்தபோது ஒரு மாதிரியாக இருந்தது.

செல்போன் வாதத்தையும் முடித்துவிடுகிறேன். குழியும் முள்ளும் தவளையும் இருக்கிற இடத்தில் போய் ஆடு என்று ஒரு பையனிடம் சொல்லிவிட்டு, அவன் திண்ணையில் உட்கார்ந்து செல்போன் பார்ப்பதைக் குறை சொல்ல எங்களுக்கு என்ன யோக்கியதை? அறுவடை முடிந்த வயலில் அவர்களே ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடுகிறார்கள். ஆடும் இடத்தை அவர்களே செதுக்கி, தண்ணீர் விட்டு, மட்டையால் தட்டிச் சமன் செய்துகொள்கிறார்கள். போன சித்திரையில் பார்த்தேன். எங்கள் சார் செய்த வேலையை, யாரும் சொல்லிக்கொடுக்காமல், அவர்கள் செய்துகொண்டிருந்தார்கள்.

செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. சிந்தெடிக் தளம் போடலாம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. வடிகால் இல்லாத இடத்தில் எந்தத் தளத்தைப் போட்டாலும் தண்ணீர் அதையும் பெயர்க்கும், அதற்கான பராமரிப்புக் காசும் நம்மிடம் நிற்காது. மண் களமே போதும். முதலில் கலையரங்கத்துக்கு அடியில் குழாய் போட்டு மேற்கு வடிகாலைத் திறக்க வேண்டும். கிராவலைச் சுரண்டி எடுக்க வேண்டும். கோரையைக் கிழங்கோடு தோண்ட வேண்டும். களத்தைப் பழையபடி தெற்கு வடக்காகத் திருப்பி, கம்பத்தில் இரண்டு உயரத்துக்கும் கொக்கி வைக்க வேண்டும். நாலு முதல் ஐந்தரை வரை பெண்பிள்ளைகளுக்கு என்று போர்டில் எழுதி, அந்த நேரத்தில் நாங்கள் அந்தப் பக்கம் தலைகாட்டாமல் இருக்க வேண்டும். ரோலர் இன்னும் இருக்கிறது. பழைய சிமென்ட் குழாய்க்குள் கான்கிரீட் ஊற்றி மூத்தவர்கள் செய்தது. ஐயனார் கோயில் அரசமரத்தடியில் பாதி புதைந்து கிடக்கிறது, அதன்மேல் உட்கார்ந்துதான் இத்தனை நாள் பேசிக்கொண்டிருந்தோம். நகர்த்த ஆறு பேர் வேண்டும். முட்டி வலி இருப்பவர்கள் தண்ணீர் தெளிக்கலாம்.

பொங்கல் போட்டிக்கு நன்கொடை தருவதாக இப்போதே சொல்லி அனுப்பிய சிங்கப்பூர், துபாய் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. வருகிற தையில் போட்டி கிடையாது. பரிசுக்கு ஒதுக்கிய பணத்தை வடிகால் குழாய்க்கும் ஏரிமண் லோடுக்கும் அனுப்புங்கள். ரசீது உண்டு. ஃப்ளெக்ஸில் படம் வராது.